கும்பகோணம் கடைத்தெரு: ஒயரோடு எடுப்பதா, ஒயர் இல்லாமலா?

07.01.2024, மாலை. கேள்வி (புகைப்பட மன்றத்தின் புதிய உறுப்பினர்)

பொங்கல் லீவில் கும்பகோணம் போகிறேன். கோயில் படம் வேண்டாம், அது நெட்டில் கொட்டிக் கிடக்கிறது. பழைய கடைத்தெரு, திண்ணை வைத்த வீடுகள், ஓட்டுச் சாய்ப்பு, இதெல்லாம்தான் எடுக்க வேண்டும். 24-105 மி.மீ. ஜூம் லென்ஸ் ஒன்றுதான் கையில். ஒரு நாள் போதுமா? எங்கே திரும்பினாலும் ஒயரும் ஃப்ளெக்ஸுமாக இருக்கிறதே, அதை எப்படித் தவிர்ப்பது? அதற்கும் முன்னால் ஒரு சந்தேகம். படம் எடுக்கிற அளவுக்குப் பழைய ஊர் அங்கே மிச்சம் இருக்கிறதா?

07.01.2024, இரவு 11.20. பதில் (இதற்குப்பின் வருவதெல்லாம் நான் எழுதியது)

இருக்கிறது. ஒரு நாள் போதாது. எனக்கு அது பிறந்த ஊர். இப்போது திருச்சியில் இருக்கிறேன், பதினைந்து வருஷமாக மாதம் ஒரு தடவையாவது கேமராவோடு போகிறேன், இன்னும் எனக்கே போதவில்லை.

லென்ஸ் போதும். 35 மி.மீ.-ல் வைத்துவிட்டு ஜூமைத் தொடாதீர்கள். காலால் நடங்கள்.

காலை ஆறரைக்கு சாரங்கபாணி கோயிலின் கிழக்கு வாசலில் நில்லுங்கள். 11 நிலை, 173 அடி. கோயில் வேண்டாம் என்றாலும் அந்தக் கோபுரம் இல்லாமல் சன்னதித் தெரு இல்லை. ஊரின் பெரிய கோயில்கள் பெரும்பாலும் கிழக்குப் பார்த்தவை, அதனால் காலையில்தான் முகத்தில் வெயில் விழும். சாயங்காலம் போய் நின்றால் கறுப்பு முக்கோணம்தான் கிடைக்கும். அதே தெருவில்தான் ராமானுஜன் வளர்ந்த வீடு. 2003 முதல் நினைவில்லமாக இருக்கிறது. சின்ன வீடு, சின்னத் திண்ணை. எல்லாரும் பெயர்ப்பலகையை எடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். நீங்கள் ஜன்னலைப் பாருங்கள்.

அங்கிருந்து மேற்கே, கும்பேஸ்வரர் கோயிலின் பொற்றாமரைக் குளத்தைத் தாண்டினால் கோயில் வாசலுக்குப் போகும் கூரை போட்ட நீளமான கடைப்பாதை. பாத்திரம், குங்குமம், வளையல், சொப்புச் சாமான். பிறகு பெரிய கடைத்தெரு, அப்புறம் டி.எஸ்.ஆர். பெரிய தெரு. 1904-ல் கும்பகோணம் பேங்க் என்று தொடங்கி இப்போது சிட்டி யூனியனாக இருக்கும் வங்கியின் தலைமையகம் இன்றும் அந்தத் தெருவில்தான். இந்த ஊரில் எவ்வளவு பணம் புழங்கியிருக்கிறது என்பது பேங்க்கைப் பார்த்தால் தெரியாது, பக்கத்து மாடிகளின் கைப்பிடிச்சுவரைப் பார்த்தால் தெரியும். சுதையில் மயில், சுதையில் கொடி, சில இடங்களில் கட்டிய வருஷமும் இருக்கும்.

ஒயருக்கு வழி: அண்ணாந்து எடுங்கள். கீழ்த்தளம் முழுக்க ஷட்டரும் போர்டும்தான், அங்கே ஒன்றுமில்லை. மேல்தளம்தான் பழைய ஊர். எதிர்க் கட்டடத்தின் முதல் மாடிக்கு ஏறி, கேட்டுக்கொண்டுதான், ஒயருக்கு மேலே நின்று எடுத்தால் 1930 போலவே இருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு முன்னால் போனால் வண்டியும் இருக்காது. நான் அப்படித்தான் எடுத்து வருகிறேன்.

08.01.2024

இரண்டு விஷயம் விட்டுப் போச்சு.

பாத்திரக் கடைக்குள் எடுக்கும்போது ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 நொடியில் வையுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் விளக்கு நொடிக்கு நூறு தடவை மினுங்கும். 1/320-ல் எடுத்தால் மலிவு எல்இடி விளக்கில் படம் முழுக்கப் பட்டை பட்டையாக விழும். கேமராவின் சின்னத் திரையில் தெரியாது, வீட்டுக்கு வந்து கணினியில் போட்டால் தெரியும். பித்தளை அண்டாமேல் அந்தப் பட்டை விழுந்தால் எதைக்கொண்டும் துடைக்க முடியாது.

இரண்டாவது தார்ப்பாய். பத்து மணிக்குமேல் கடைக்குக் கடை நீலத் தார்ப்பாயை இழுத்துக் கட்டிவிடுவார்கள். அதன் கீழே நிற்கிற மனிதர்கள் எல்லாரும் கிருஷ்ண பரமாத்மா நிறத்தில் வருவார்கள். ஆட்டோ வெள்ளைச் சமநிலையை (ஒயிட் பாலன்ஸ், கேமரா தானே நிறத்தைச் சரிசெய்வது) நம்பாதீர்கள். கடையிலிருக்கும் வெள்ளைத் துண்டு ஒன்றைப் பார்த்து நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

10.01.2024

திருத்தம். பொற்றாமரைக் குளம் கும்பேஸ்வரருடையது என்று எழுதிவிட்டேன். சாரங்கபாணியுடையது. தாயார் கோமளவல்லி அவதரித்த குளம். பக்கத்தில் வளர்ந்தவன் இதில் தவறியதற்கு என் பெரியப்பா போன் செய்து திட்டினார். இந்த இழையை அவர் படிக்கிறார் என்று இன்றுதான் தெரிந்தது. இனிமேல் பார்த்து எழுதவேண்டும்.

டபீர் தெருவின் பெயர் எங்கிருந்து வந்தது என்று ஒருவர் கேட்டிருந்தார். டாபர் கம்பெனிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மராட்டியர் ஆட்சியில் டபீர் என்பது ஒரு பதவிப் பெயர், அந்தச் சொல்லுக்கு எழுத்தர் என்று பொருள். மராட்டியர் எழுதிய மோடி என்கிற எழுத்தும் போய், ராஜாவும் போய், பதவிப் பெயர் மட்டும் தெருமுனைப் பலகையில் உட்கார்ந்திருக்கிறது.

19.01.2024

கேள்வி கேட்டவர் போய்விட்டு வந்து 44 படம் ஏற்றியிருக்கிறார். 31 கோபுரம். கோயில் வேண்டாம் என்று சொன்ன அதே மனிதர்தான். சொல்லிக் காட்டவில்லை, அந்த ஊர் அப்படித்தான் செய்யும்.

டிகிரி காப்பி டபராவை நாலு விதமாக எடுத்திருக்கிறீர்கள். காப்பி ஆறியிருக்கும்.

04.02.2024

நேற்று போயிருந்தேன். பெரிய கடைத்தெருவில் ஒரு சீவல் கடைக்கு எதிரே நின்று மாடியைக் குறி வைத்துக்கொண்டிருந்தேன். கல்லாவில் இருந்த பெரியவர் எழுந்தே வந்துவிட்டார்.

"என்ன தம்பி, அளவு எடுக்க வந்திருக்கீங்களா?"

"இல்லீங்க ஐயா, சும்மா போட்டோ."

"சும்மா யாரு வெயில்ல நின்னு போட்டோ எடுப்பா? இந்தச் சாய்ப்பு எங்கப்பா காலத்துலேர்ந்து இருக்கு. கார்ப்பரேஷன்ல போய் அப்படியே சொல்லுங்க."

2021-ல் ஊர் மாநகராட்சி ஆனதிலிருந்து கடை முகப்பை யார் எடுத்தாலும் ஆக்கிரமிப்புக் கணக்கெடுப்பு அல்லது வரி உயர்வு என்றுதான் நினைக்கிறார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. நான் செய்வது: கேமராவை வெளியே எடுக்கும் முன் கடையில் ஏதாவது வாங்கிவிடுவேன். நேற்று சீவல் வாங்கினேன். வெற்றிலை போடும் பழக்கம் எனக்கு இல்லை, வீட்டில் இப்போது ஏழு பொட்டலம் சீவல் இருக்கிறது. பெரியப்பாவுக்குத்தான் லாபம்.

தெருவில் நின்று கட்டடத்தை எடுக்கச் சட்டம் விடுமா என்று கேட்டவருக்கு: பொது இடத்தில் நின்று கட்டடத்தைப் படம் எடுப்பதும் அதை வெளியிடுவதும் பதிப்புரிமை மீறல் இல்லை என்று 1957-ஆம் வருஷப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவே சொல்கிறது. அதைக் கடைத்தெருவில் நின்று ஒப்பிக்காதீர்கள். சீவல் வாங்குவது சுலபம். கோயிலுக்குள் வேறு கதை. 2022 டிசம்பரில் உயர் நீதிமன்றம் கோயில்களுக்குள் செல்போனைத் தடுக்கச் சொன்ன பிறகு வாசலிலேயே கெடுபிடி. கேட்டுவிட்டு உள்ளே போங்கள்.

05.03.2024

இதை எழுதலாமா என்று யோசித்தேன், எழுதிவிடுகிறேன்.

போன கார்த்திகையில் ஒரு அக்ரஹாரத் தெருவில் ஒரு மாமி வீட்டு வாசலை எடுத்தேன். பர்மா தேக்கு நிலைக்கதவு, இரண்டு பக்கமும் மாடப்பிறை, அகல் வைத்த கரி. மாமி திண்ணையில் உட்கார்ந்திருந்தார். எனக்குப் பிடித்த படம். பிரிண்ட் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். கண்ணாடி போட்டுக்கொண்டு நன்றாகப் பார்த்தார்.

"நன்னாத்தான் இருக்கு. ஏண்டாப்பா, நிலையில மாவிலை கட்டியிருந்தேனே, அதைக் காணுமே?"

மாவிலைக்கு நேர் மேலே கேபிள் டிவி ஒயர் போனது. படத்தில் ஒயரை வெட்டும்போது மாவிலையும் போய்விட்டது.

"ஒயர் வந்துது மாமி, அதான்..."

"வந்தா என்ன? அது இருக்கறதுனாலதானே டிவி தெரியறது!"

அப்போது சிரித்துவிட்டு வந்துவிட்டேன்.

25.03.2024

மார்ச் 16-லிருந்து தேர்தல் நடத்தை விதி. ஊருக்குப் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். ஃப்ளெக்ஸ் எதுவும் இல்லை. கொடிக்கம்பம் மொட்டை. சுவர் விளம்பரத்துக்குமேல் வெள்ளையடித்துவிட்டார்கள். தலைவர் சிலைகளைத் துணி போட்டு மூடியாகிவிட்டது. பதினைந்து வருஷமாக நான் வேண்டிக்கொண்டிருந்த தெரு.

ஞாயிறு காலை ஆறரைக்குப் போய் நூற்றுக்குமேல் எடுத்தேன். ராத்திரி உட்கார்ந்து பார்த்தால் ஒன்றுகூட நிற்கவில்லை. சுத்தமாக இருக்கிறது. யாரோ வாடகைக்கு விட்ட தெரு மாதிரி.

1858-ல் லினேயஸ் டிரைப் தஞ்சாவூரையும் மதுரையையும் எடுத்தார், ராணுவ அதிகாரி. காகித நெகட்டிவ், ஒளி பதிய வெகு நேரம் பிடிக்கும், அதனால் நடமாடுகிறவர்கள் அதில் விழவே மாட்டார்கள். கோபுரம், மண்டபம், வெறும் வீதி. வானம் வெறுமையாக வந்த நெகட்டிவ்கள் சிலவற்றில் அவரே மேகத்தை வரைந்து சேர்த்தார். ஒயரை நீக்கலாமா கூடாதா என்ற சண்டை நேற்று வந்ததில்லை. ஆனால் டிரைப்புக்கு ஆட்கள் விழாதது இயந்திரத்தின் குறை. நான் வேண்டுமென்றே ஆட்கள் எழுவதற்கு முன்னால் போகிறேன். இதை யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

20.04.2024

ஓட்டுப் போட நேற்று ஊருக்கு வந்தேன். விரலில் மையோடு, மதியம் 12.12-க்கு நடுத்தெருவில் நின்று பார்த்தேன். என் நிழல் என் செருப்புக்குள்ளேயே இருந்தது.

கும்பகோணம் ஏறத்தாழ 11 டிகிரி வடக்கு. சித்திரை 5-ஐ ஒட்டி, அதாவது ஏப்ரல் 18 வாக்கில், நண்பகலில் சூரியன் நேர் உச்சியில். அதற்கப்புறம் ஆகஸ்ட் 24 வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும், பிறகு மறுபடி தெற்கே சாய்ந்துவிடும்.

இதனால் என்ன? ஜனவரியில் ஒருவர் தனிமடலில் கேட்டதற்கு, "தெருவின் இரண்டு சிறகையும் மார்கழி தையிலேயே எடுத்துவிடலாம், நல்ல சாய்ந்த வெயில்" என்று பதில் போட்டேன். தப்பு. சிறகு என்றால் தெருவின் ஒரு பக்கத்து வீட்டு வரிசை. கிழக்கு மேற்காக ஓடுகிற தெருவில் வடசிறகு வீடுகள் தெற்குப் பார்த்தவை, மார்கழியில் நாள் முழுக்க முகத்தில் வெயில். தென்சிறகு வீடுகள் வடக்குப் பார்த்தவை. மார்கழியில் அவற்றின் வாசலுக்கு நேர் வெயில் வரவே வராது, நிழல்தான். தென்சிறகுக்கு வெயில் வேண்டுமானால் வைகாசி, ஆனி, ஆடிதான். என் பழைய கோப்புகளில் தென்சிறகு வீடுகள் எல்லாம் ஏன் அழுது வடிந்துகொண்டிருக்கின்றன என்பதற்குப் பதினைந்து வருஷம் கழித்துக் காரணம் தெரிந்தது. கேமராவைக் குறை சொல்லி இரண்டு தடவை மாற்றியிருக்கிறேன்.

கட்டினவர்களுக்கு இது தெரியாமல் இருக்காது. தென்சிறகில் திண்ணை நாள் முழுக்கக் குளுகுளுவென்று இருக்கும் என்று பெரியப்பா சொல்கிறார். அவர் வடசிறகில் வளர்ந்தவர், அந்த ஆற்றாமை இன்னும் இருக்கிறது.

12.06.2024

இழையில் ஒருவர் கேட்டிருக்கிறார். அவர் தாத்தாவுக்குப் பெரிய கடைத்தெருவில் பாத்திரக் கடை இருந்ததாம், 2012-ல் மூடிவிட்டார்களாம். அப்பாவுக்கு நவம்பரில் சதாபிஷேகம். கடையின் படம் ஒன்றுகூட வீட்டில் இல்லை. "பதினைந்து வருஷமா எடுக்கறேன்னு எழுதியிருக்கீங்களே, உங்ககிட்ட இருக்குமா அண்ணே?"

நிச்சயம் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை தேடித் தருகிறேன்.

16.06.2024, இரவு

இல்லை.

அந்த வருஷங்களில் அந்தத் தெருவில் மட்டும் எழுபது எண்பது படங்கள் எடுத்திருக்கிறேன். எல்லாவற்றிலும் கைப்பிடிச்சுவர் இருக்கிறது, மயில் இருக்கிறது, மெட்ராஸ் டெரஸ் என்கிற பழைய மாடிக் கூரையின் மரவிட்டம் நீட்டிக்கொண்டிருப்பதுகூட இருக்கிறது. ஒரு கடையின் பெயர் இல்லை. அண்ணாந்து எடு, அண்ணாந்து எடு என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவன் நான்தானே. பாதிப் படங்கள் எந்தக் கடைக்கு மேலே உள்ள மாடி என்று எனக்கே தெரியவில்லை. சிலது எந்தத் தெரு என்றே தெரியவில்லை. நாகேஸ்வரன் வீதியாகவும் இருக்கலாம், காரைக்குடியாகவும் இருக்கலாம்.

தேதியும் உதவவில்லை. பழைய கேமராவில் உள் பேட்டரி செத்துப்போய், ஒவ்வொரு தடவை பேட்டரி மாற்றும்போதும் 01.01.2005-க்குத் திரும்பிவிடும். என் கணக்குப்படி நான் 2005 புத்தாண்டு அன்று மட்டும் கும்பகோணத்தை நானூறு தடவை எடுத்திருக்கிறேன்.

17.06.2024, காலை 5.40

தூக்கம் வரவில்லை. 'தள்ளுபடி' என்று ஒரு ஃபோல்டர் உண்டு. ஆள் குறுக்கே வந்தது, வண்டி நுழைந்தது, கை ஆடினது. அழிக்க மனமில்லாமல் ஒதுக்கி வைத்தது.

அதில் ஒரு படம். ஒரு டாட்டா ஏஸ் நடுத்தெருவில் நின்று சாக்கு இறக்குகிறது. அதன் பின்னால் ஒரு போர்டின் பாதி: "...த்திர மாளிகை". கீழே டின் நம்பர் (கடையின் விற்பனை வரி எண்). முன்னால் அடுக்கிய குடங்கள். ஸ்டூலில் ஒருவர், முகம் உள்பக்கம் திரும்பியிருக்கிறது. மேலே குறுக்கும் நெடுக்குமாகப் பதினோரு ஒயர்.

17.06.2024, மாலை

அவர் பதில் போட்டுவிட்டார். அது அவர்கள் கடைதான். ஸ்டூலில் இருப்பவர் தாத்தா இல்லையாம், கணக்குப்பிள்ளையாம். "ஆனா அந்த ஸ்டூல் எங்களோடது. இப்ப எங்க வீட்டு கொல்லைல துணி ஊறவைக்கற பக்கெட் அதுமேலதான் இருக்கு. அப்பா பார்த்ததும் ஸ்டூலைத்தான் முதல்ல சொன்னார்."

18.06.2024

வருஷம் எது என்று எல்லாரும் துப்பறிந்ததற்கு நன்றி. தொகுத்து வைக்கிறேன், பின்னால் உதவும். டாட்டா ஏஸ் 2005-க்குமுன் கிடையாது. டின் நம்பர் தமிழ்நாட்டில் 2007 ஜனவரியில் வாட் வரி வந்த பிறகு. ஜிஎஸ்டி எண் இருந்திருந்தால் 2017 ஜூலைக்கு அப்புறம். க்யூஆர் அட்டை ஒட்டியிருந்தால் அநேகமாகப் பணமதிப்பு நீக்கத்துக்குப் பிந்தியது. ஆக 2007-க்கும் 2012-க்கும் நடுவில். பிறகு ஒரு நண்பர் படத்தில் இருந்த கம்பத்தைப் பெரிதாக்கி, அதில் ஒட்டியிருந்த கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் "03.2010" என்று கண்டுபிடித்தார். யாரோ ஒரு புண்ணியவான் செத்து எங்கள் படத்துக்குத் தேதி போட்டிருக்கிறார்.

பதினைந்து வருஷமாக நான் வெட்டியெறிந்த போர்டு, போஸ்டர், வண்டி இவைதான் வருஷம் சொல்கின்றன. மயில் சொல்லவில்லை. மயில் 1926-லும் அதே மயில்தான்.

30.06.2024

07.01 குறிப்பை அழித்துவிடச் சொல்கிறார் ஒருவர். அழிக்க மாட்டேன், கிடக்கட்டும். "கீழ்த்தளத்தில் ஒன்றுமில்லை" என்று எழுதிய வரிக்கு மட்டும் வெட்கப்படுகிறேன்.

அதற்காக ஒயரோடு எடுத்தால்தான் நல்ல படம் என்றும் சொல்லவில்லை. கம்பம் நட்டநடுவில் நிற்கிற படம் இன்றைக்கும் மோசமான படம்தான். ஆகையால் இப்போது இரண்டு எடுக்கிறேன். ஒன்று எனக்கு, பழைய புத்தியோடு, மயிலும் கொடியுமாக. இன்னொன்று தெருவுக்கு. தெருவுக்கான படத்தில் என் ரசனைக்கு வேலையில்லை. எதிர்ச் சிறகில் யார் திண்ணையிலாவது, கேட்டுக்கொண்டு, ஏறி நின்று, கேமராவைச் சாய்க்காமல் நேராகப் பிடித்து, சாக்கடைக் கல்லிலிருந்து கைப்பிடிச்சுவர் வரை முழு முகப்பு. அண்ணாந்தால் கட்டடம் பின்னால் மல்லாக்கச் சாயும். மேலே இடம் போதாவிட்டால் கேமராவைத் திருப்பி நெடுக்காக எடுக்கலாம், கீழே தரை அதிகம் விழும், விழட்டும். மின் மீட்டர், தபால் பெட்டி, மாவிலை, செருப்பு, எதையும் நகர்த்தக் கூடாது. கோப்பின் பெயரில் தெரு, சிறகு, கதவு எண், தேதி. அலுப்பான வேலை. இரண்டு மணி நேரத்தில் பன்னிரண்டு வீடு முடிந்தால் அதிகம். பாதி நேரம் காப்பி குடிக்கச் சொல்லிவிடுவார்கள்.

அவசரம் எதற்கு என்றால், மகாமகம். போன தடவை 2016 பிப்ரவரி 22. அடுத்தது 2028. ஊருக்குப் பெரிய கல்யாணம் மாதிரி, அதற்குமுன் இடிப்பது, பூசுவது, வர்ணமடிப்பது எல்லாம் நடக்கும். போன தடவை அதற்குமுன் எங்கள் தெருவில் மூன்று திண்ணை கார் நிறுத்த வழி விட்டது. இடித்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன். வீட்டில் கார் இருக்கிறது, எங்கே நிறுத்துவார்கள்? படம் எடுக்கிறவன் திருச்சியில் ஃப்ளாட்டில் இருந்துகொண்டு மற்றவர்களைத் திண்ணை வைத்துக்கொள்ளச் சொல்ல முடியாது.

மாமிக்கு மாவிலையோடு புதுப் பிரிண்ட் கொடுத்தாகிவிட்டது. ஒயரும் இருக்கிறது. கூடத்தில் மாட்டியிருக்கிறார், பக்கத்தில் டிவி.

28.07.2024

ஒரு தெருவை எடுத்துக்கொண்டேன். பெயர் சொல்ல மாட்டேன், கடை வாசலில் போலத் திண்ணையிலும் யாராவது "அளவு எடுக்கறீங்களா" என்று பயந்துவிடப் போகிறார்கள். கிழக்கு மேற்குத் தெரு. ஆடி பிறந்துவிட்டதால் தென்சிறகில் வெயில் விழுகிறது, அதை முதலில் முடிக்கிறேன். காலை ஏழரையிலிருந்து ஒன்பது வரை, வடகிழக்கிலிருந்து சாய்வாக. பதினைந்து வருஷமாக அழுது வடிந்த வீடுகள் குளித்துவிட்டு வந்த மாதிரி இருக்கின்றன. தூணின் வரிப்பள்ளங்கள்கூடத் தெரிகின்றன. இத்தனை நாளும் வழவழவென்ற தூண் என்று நினைத்திருந்தேன்.

கேள்வி கேட்டவர் கூட வருகிறேன் என்கிறார். வரட்டும். கோபுரத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்க முடியுமா என்று பார்ப்போம்.

11.08.2024

வந்தார். நின்றார். ஏணி பிடித்தார், கதவு எண் எழுதினார். பதினெட்டு வீடு. சாப்பாட்டு வேளையில் மெதுவாகக் கேட்டார், "அண்ணே, இப்ப போன்லயே ஒயரை அழிக்கற வசதி வந்திருக்கே, தெரியுமா?" தட்டிக் காட்டவும் செய்தார். ஒயர் போய்விட்டது. கூடவே மாமி வீட்டு மாவிலையும் போய்விட்டது. இரண்டு பேரும் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு அவரே அதை ரத்து செய்தார்.

15.09.2024

தென்சிறகு முடிந்தது, கதவு எண் ஒற்றைப்படை 1 முதல் 47 வரை. இரண்டு எண் கிடையாது. 13-ஐ ராசி பார்த்து விட்டுவிட்டார்களாம். 31 பழைய பாகப்பிரிவினையில் 29-ஓடு சேர்ந்துவிட்டது. நிலைக்கதவு மட்டும் தனியாக, உள்பக்கம் சுவர் எழுப்பி, அப்படியே இருக்கிறது. திறந்தால் செங்கல்.

ஆவணி 8-ஓடு நண்பகல் சூரியன் உச்சியைத் தாண்டித் தெற்கே போய்விட்டது. வடசிறகை மார்கழியில் எடுக்கலாம், கோலமும் கிடைக்கும் என்று திட்டம். நேற்று சும்மா பார்த்துவிட்டு வரப் போனேன். வடசிறகில் ஒரு வீட்டை நீலத் தகரம் வைத்து மறைத்திருக்கிறார்கள். இடிக்கிறார்களா, பூசுகிறார்களா என்று வெளியிலிருந்து தெரியவில்லை. மணல் கொட்டியிருந்தது. மேஸ்திரியைக் கேட்டேன்.

"போட்டோல்லாம் வேணாம் சார், ஓனர் திட்டுவாரு."

"வீட்டை எடுக்கல அண்ணே. இந்தத் தகரத்தை எடுத்துக்கட்டுமா?"

ஒரு மாதிரிப் பார்த்தார். எடுத்துக்கொள்ளச் சொன்னார். தகரம், மணல், அதன்மேல் படுத்திருந்த நாய், மேலே ஒயர். வடசிறகு, கதவு எண் 22, 14.09.2024.